மெல்லிய லேசர் வெட்டுக்கு எந்த லென்ஸ்? 38.1, 50.8, 63.5, 101.6 மி.மீ. நான்கையும் எடைபோட்டுப் பார்த்தால்

செட்டிநாட்டு நிலைக்கதவின் செதுக்கலை 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் அடுக்கடுக்காக வெட்டித் தரச் சொல்கிறார்கள். 300 ஜிஎஸ்எம் அட்டையில் ஜாலி (துளைத் துளையான வலைப்பின்னல்) வேலைப்பாட்டோடு கல்யாணப் பத்திரிகை கேட்கிறார்கள். நடுவீட்டுக் கோலம் போட அக்ரிலிக் தட்டு, பனை ஓலையில் எழுத்துப் பொறித்த அழைப்பு, ஆத்தங்குடிக் கல்லின் பூ வடிவத்தில் டீ கோஸ்டர் என்று வேலைகள் வருகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் லேசர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இவை எல்லாம் பழகிய வேலைகள். கோடு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவுக்குத்தான் இவற்றுக்கு அழகு.

கண்ணாடி ட்யூப் உள்ள சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர் மெஷினோடு வழக்கமாக வருவது 50.8 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸ். அதாவது 2 அங்குலம். கோடு தடிக்கிறது என்றதும் 38.1-க்கு மாறுவது பலரும் எடுக்கும் முதல் முடிவு. அந்த முடிவு எப்போது பலன் தரும், எப்போது காசு வீண் என்பதை 60 முதல் 100 வாட் மெஷின்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எங்கள் தீர்ப்பு இது. நல்ல 50.8 லென்ஸ் ஒன்று கட்டாயம். மெல்லிய, தட்டையான பொருளுக்கு 38.1 ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி லென்ஸ் ட்யூப், அதாவது லென்ஸைத் தாங்கும் குழல். 63.5 வேண்டுமா என்பது உங்களுக்கு வரும் தடிமனான வேலையைப் பொறுத்தது. 101.6 இந்த ஊர் வேலைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மெனிஸ்கஸ் (ஒரு பக்கம் குழிந்த லென்ஸ்) என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

புள்ளியின் அளவும் ஆழமும்

சி.ஓ.2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். லென்ஸ் குவிக்கும் புள்ளி எவ்வளவு சிறியது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: லென்ஸின் குவியத்தூரம், லென்ஸில் வந்து விழும் கற்றையின் விட்டம், கற்றையின் தரம் (1 என்றால் குறையற்ற கற்றை, எண் கூடக் கூடத் தரம் குறைவு). குவியத்தூரம் குறைந்தால் புள்ளி சிறுக்கும். கற்றை அகலமாக விழுந்தாலும் சிறுக்கும். கற்றை 6 மி.மீ., தரம் 1.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 38.1 லென்ஸில் புள்ளி 0.10 மி.மீ., 50.8-ல் 0.14, 63.5-ல் 0.17, 101.6-ல் 0.27 என வருகிறது. நடைமுறையில் வெட்டின் அகலம் இதைவிடக் கூடும். பொருள் உருகுவதும் கருகுவதும் அதில் சேர்ந்துவிடும்.

இந்த நான்கு எண்களை மட்டும் பார்த்தால் 38.1 வாங்கத் தோன்றும். ஆழத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புள்ளியின் பரப்பு இரண்டு மடங்கைத் தாண்டாமல் நிற்கும் உயரத்தை ஃபோகஸ் ஆழம் என்று கொண்டால், அதே கற்றைக்கு 38.1-ல் அது 1.3 மி.மீ. மட்டும்தான். 50.8-ல் 2.3, 63.5-ல் 3.6, 101.6-ல் 9 மி.மீ.க்குச் சற்று மேல். இது ஃபோகஸுக்கு மேலும் கீழும் சேர்த்த மொத்த அளவு. ஒரு பக்கம் பார்த்தால் இதில் பாதிதான்.

இனி, பொருள் ஃபோகஸிலிருந்து 1 மி.மீ. விலகிவிட்டது என்று கொள்ளுங்கள். 38.1-ன் புள்ளி 0.10-லிருந்து 0.19-க்குப் போய்விடுகிறது. 50.8-ல் 0.18, 63.5-ல் 0.195. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. 2 மி.மீ. விலகினால் வரிசையே தலைகீழ்: 38.1-ல் 0.33, 50.8-ல் 0.27, 63.5-ல் 0.26. விலகல் 0.87 மி.மீ.ஐத் தாண்டினாலே 38.1 லென்ஸ் 50.8-ஐவிடத் தடித்த கோடு போடத் தொடங்கிவிடும்.

லென்ஸ் வாங்குமுன் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் இந்த 0.87தான். உங்கள் ஹனிகோம்ப் பெட்டின் (பொருளை வைக்கும் தேன்கூட்டு மேடை) நான்கு மூலைகளும் நடுவும் நாஸிலுக்கு (லேசர் வெளிவரும் முனை) ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? மழை மாதத்தில் 3 மி.மீ. எம்டிஎஃப் ஈரம் வாங்கி வளைந்து நிற்கும்போது நடுவில் எத்தனை மி.மீ. தூக்கிக்கொள்கிறது? இரண்டிலும் சேர்ந்து 1 மி.மீ. பிழை இருந்தால் 38.1 லென்ஸுக்குக் கொடுத்த பணத்தால் ஒன்றும் கிடைக்காது. பெட்டைச் சமன் செய்து, பலகையைக் காந்தம் அல்லது ஹனிகோம்பில் குத்தும் பின் வைத்து அழுத்தினால் பழைய 50.8 லென்ஸே கோட்டை மெலிதாக்கும்.

பத்திரிகை வேலையில் இது எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். ஜாலியில் இரண்டு துளைகளுக்கு நடுவே நிற்கும் காகிதப் பாலத்தை 0.5 மி.மீ. என்று வரைகிறீர்கள். இருபுறமும் பாதிப் பாதி வெட்டு தின்றுவிடும். புள்ளி 0.10 என்றால் மிஞ்சுவது 0.40. புள்ளி 0.14 என்றால் 0.36. லென்ஸை மாற்றியதால் கிடைத்தது 0.04 மி.மீ. ஃபோகஸ் 2 மி.மீ. தவறிய 38.1-ல் மிஞ்சுவது 0.17, அதுவும் விளிம்பு பழுப்பேறி, கவரிலிருந்து எடுக்கும்போதே அறுந்துவிடும். பாலத்தை 0.6 அல்லது 0.7 ஆக வரைந்து கொடுப்பது எந்த லென்ஸ் மாற்றத்தையும்விட மலிவான தீர்வு.

38.1 மி.மீ.: யாருக்கு

காகிதம், 300 ஜிஎஸ்எம் வரை அட்டை, மர வெனீர், மெல்லிய பருத்தித் துணி, 2 மி.மீ. வரை அக்ரிலிக், சிறிய எழுத்துப் பொறிப்பு. இவற்றில் 38.1 தன் பேரைக் காப்பாற்றும். தமிழ் எழுத்தில் ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ போன்றவற்றின் உள்சுழிகள் சிறிய அளவில் அடைபடுவது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. 0.14 புள்ளியில் அடைபடும் சுழி 0.10-ல் திறந்து நிற்கும். பெயர்ப் பட்டயம், தாம்பூலப் பைக்குக் கட்டும் சிறு அட்டை போன்றவற்றுக்கு இதற்காகவே ஒரு 38.1 வைத்திருக்கலாம்.

புள்ளி சிறுத்ததால் அதே வாட்டில் ஒரே இடத்தில் விழும் செறிவு 50.8-ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. பழைய செட்டிங்கையே வைத்து ஓட்டினால் காகிதம் கருகும். பவரைக் குறைக்கலாம் என்றால் கண்ணாடி ட்யூப் ஒரு அளவுக்குக் கீழே சரியாகப் பற்றாது. பல ட்யூப்களில் அந்த எல்லை 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதனால் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் மூலைகளில் தலை நின்று திரும்பும்போது அங்கே மட்டும் பொட்டுப் பொட்டாகக் கருகல் விழும். மெஷினை இயக்கும் ருய்டா கண்ட்ரோலரில் மினிமம் பவர், மேக்ஸிமம் பவர் என்று இரண்டு இருப்பது இதற்காகத்தான். மினிமம் பவரை ட்யூப் பற்றும் எல்லைக்கு மிகச் சற்று மேலே வையுங்கள். பெரிய ட்யூப் உள்ள மெஷினில் காகித நுண்வேலை சிரமப்படுவதற்கு லென்ஸைவிட இந்தக் கீழ் எல்லைதான் பெரிய காரணம். 100 வாட் மெஷினைவிட 60 வாட் மெஷின் பத்திரிகைக்கு ஏற்றது என்போம்.

இன்னொரு சிக்கல் நாஸில். 50.8-க்காகச் செய்த லென்ஸ் ட்யூபில் 38.1-ஐப் போட்டால் ஃபோகஸ் 12.7 மி.மீ. மேலே ஏறிவிடும். பல தலைகளில் அது நாஸில் நுனிக்கு மிக அருகிலோ அதற்கு உள்ளேயோ போய்விடும். பிறகு நாஸிலைப் பொருளில் உரசாமல் ஓட்ட முடியாது. 38.1-க்கு உரிய குட்டை நாஸில் அல்லது தனி லென்ஸ் ட்யூப் கூடவே வாங்குங்கள். லென்ஸை மட்டும் விற்றுவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பல 38.1 லென்ஸ்கள் டிராயரில் தூங்குகின்றன.

பனை ஓலைக்கு 38.1 வேண்டாம். ஓலை காய்ந்ததும் நெளியும், நடு நரம்பு தூக்கி நிற்கும். ஒரு விரற்கடை தூரத்துக்குள்ளேயே 1 மி.மீ. மேடு பள்ளம் வந்துவிடும். 50.8-ஐப் போட்டு, ஓலையை நனைத்துத் துடைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஃபோகஸை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வைத்தால் எழுத்து ஒரே தடிமனில் வரும்.

50.8 மி.மீ.: முதலில் இதைச் சரியாக வாங்குங்கள்

3 மி.மீ. எம்டிஎஃப், 3 முதல் 5 மி.மீ. அக்ரிலிக், 4 மி.மீ. ப்ளைவுட், அட்டை, பொறிப்பு எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும். கோலத் தட்டுக்கும் நிலைக்கதவு அடுக்குக்கும் இதைவிட்டு நகரக் காரணமே இல்லை. 2.3 மி.மீ. ஆழம் 3 மி.மீ. பலகைக்குப் போதும். காகிதத்துக்கும் பொறிப்புக்கும் ஃபோகஸை மேற்பரப்பில் வையுங்கள். 3 மி.மீ. அக்ரிலிக்குக்கு மேற்பரப்பிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. உள்ளே இறக்குங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அகலத்தில் வரும். பூவிதழ்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தும் ஆத்தங்குடி வடிவங்களுக்கு இது முக்கியம்.

பொறிப்பில் டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை கோடு என்ற எண்) கூட்டினால் நுணுக்கம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. புள்ளி 0.14 என்றால் அங்குலத்துக்கு 181 கோடுகள்தான் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கும். 0.10 என்றால் 254. சற்று மேலடுக்கு நல்லது என்பதால் 50.8-க்கு 250, 38.1-க்கு 300 முதல் 340 வரை வைக்கலாம். 600 வைத்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டு நிறம் கருக்கும், நேரம் இரட்டிக்கும், விவரம் கூடாது.

63.5, 101.6 பற்றிச் சுருக்கமாக

63.5 மி.மீ. லென்ஸ் 6 முதல் 10 மி.மீ. அக்ரிலிக்குக்கு. பெயர்ப் பலகை எழுத்து வெட்டுபவர்களுக்கு நேரான விளிம்பு கிடைக்கும், சாய்வு குறையும். நுண்வேலைக்கு வாங்க வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: பெட் சமன் இல்லாத பழைய மெஷினில் பெரிய பலகையில் வெட்டுவதானால், மேலே சொன்ன 2 மி.மீ. விலகல் கணக்கின்படி 63.5 தரும் கோடு மற்ற இரண்டையும்விடச் சீராக இருக்கும். அது தற்காலிக வழிதான். பெட்டைச் சரிசெய்வதே வேலை.

101.6 தடித்த ஃபோம், வளைந்த பரப்பில் பொறிப்பு போன்றவற்றுக்கு. இந்தக் கட்டுரையின் வேலைக்கு அது பொருந்தாது.

பிளானோ-கான்வெக்ஸா, மெனிஸ்கஸா

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு என்றால் பிளானோ-கான்வெக்ஸ். ஒரு பக்கம் புடைப்பு, மறுபக்கம் குழிவு என்றால் மெனிஸ்கஸ். விளிம்புக் கதிரும் நடுக்கதிரும் சற்று வெவ்வேறு இடத்தில் குவியும் கோளப் பிறழ்ச்சி மெனிஸ்கஸில் குறைவு என்பது உண்மைதான். எவ்வளவு குறைவு என்பதை விற்பவர் சொல்வதில்லை. 6 மி.மீ. கற்றை, 38.1 லென்ஸ் என்றால் பிளானோ-கான்வெக்ஸ் புள்ளியில் சேர்க்கும் கூடுதல் ஏறக்குறைய 4 மைக்ரான். மெனிஸ்கஸ் சேர்ப்பது 3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் 1.5 மைக்ரான். 100 மைக்ரான் புள்ளியில் இதைக் கண்ணாலும் வெர்னியராலும் பார்க்க முடியாது. 50.8-ல் இன்னும் குறைவு. இந்தப் பிறழ்ச்சி கற்றை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், கற்றை 10 மி.மீ. ஆகும் மெஷினில் 38.1-ல் வித்தியாசம் 7 மைக்ரானை எட்டும். அங்கேதான் மெனிஸ்கஸுக்குச் சற்று அர்த்தம் வருகிறது. விலை ஒன்றாக இருந்தால் மெனிஸ்கஸை எடுங்கள், கூடுதல் கேட்டால் விடுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு லென்ஸைத் தலைகீழாகப் போடுவதில். இரண்டு வகையிலும் புடைப்புப் பக்கம் மேலே, கற்றை வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டை அல்லது குழிவுப் பக்கம் பொருளைப் பார்க்க வேண்டும். பிளானோ-கான்வெக்ஸைத் திருப்பிப் போட்டால் பிறழ்ச்சி பல மடங்காகும், ஃபோகஸும் ஏறக்குறைய ஒரு மி.மீ. நகரும். எந்தப் பக்கம் எது என்று சந்தேகம் வந்தால் ட்யூப்லைட்டின் பிம்பத்தை இரு பக்கத்திலும் பாருங்கள். தட்டையான பக்கத்தில் வளையாமல் இயல்பாகத் தெரியும், புடைப்பில் சுருங்கித் தெரியும்.

விட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 12 மி.மீ. லென்ஸைவிட 20 மி.மீ. லென்ஸ் கூர்மையாகக் குவிக்கும் என்பார்கள். கூர்மையைத் தீர்மானிப்பது கற்றையின் விட்டம், லென்ஸின் விட்டம் அல்ல. கற்றையைப்போல் ஒன்றரை மடங்கு விட்டம் இருந்தால் போதும்.

எந்தப் பொருளால் ஆனது

ஜிங்க் செலினைடு லென்ஸ் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில், ஊடே பார்க்கும்படி இருக்கும். சிவப்புப் புள்ளி காட்டும் டையோடு அதன் வழியே போகும். கேலியம் ஆர்செனைடு லென்ஸ் கருஞ்சாம்பலாக, உலோகத் தகடு போலத் தெரியும். சிவப்புப் புள்ளி அதனூடே வராது. அது கெட்டியானது, புகையும் தூசும் மிகுந்த இடத்தில் நெடுநாள் தாங்கும். நாள் முழுக்க எம்டிஎஃப் வெட்டும் கடைக்கும், புதுவயல் பக்கம் அரிசி ஆலைத் தூசிக்கு நடுவே மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் கேலியம் ஆர்செனைடு 50.8 நல்ல தேர்வு என்பது எங்கள் எண்ணம். நுண்வேலைக்கு ஜிங்க் செலினைடே வசதி. ஜெர்மேனியம் சூடேறச் சூடேறக் கூடுதலாக உறிஞ்சும் பொருள் என்பதால் இந்த வாட்டுகளில் வேண்டாம்.

ஜிங்க் செலினைடிலேயே சிவிடி (வேதி முறையில் ஆவியைப் படியவைப்பது), பிவிடி (இயற்பியல் முறையில் படியவைப்பது) என இரண்டு தயாரிப்பு முறைகள். சிவிடி சீரான பொருள், உறிஞ்சுதல் குறைவு. பிவிடி மலிவு, ஆயுளும் பெரும்பாலும் குறைவு. ஒரு லென்ஸின் விலை லேசர் ட்யூபின் விலையில் சிறு பங்குதான் என்பதால் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. பெட்டியில் ‘யுஎஸ்ஏ’ என்று அச்சடித்திருப்பது மட்டும் சான்று ஆகாது. டூ-சிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022-ல் கோஹெரன்ட்டை வாங்கி அந்தப் பெயருக்கே மாறிவிட்டது. பழைய பெயரில் பெட்டி வந்தால் எந்த ஆண்டு ஸ்டாக் என்று கேளுங்கள்.

பூச்சுதான் இந்த லென்ஸின் உயிர். பூச்சு இல்லாத ஜிங்க் செலினைடு ஒவ்வொரு பரப்பிலும் 17 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரு பரப்பும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான பவர் போச்சு. நல்ல புதிய லென்ஸ் உறிஞ்சுவது 0.2 சதவீதத்தை ஒட்டித்தான். பூச்சில் கீறலும் பொரிவும் விழுந்த இடத்தில் உறிஞ்சுதல் ஏறும், அந்த இடம் சூடாகும், சூட்டில் லென்ஸின் ஒளிவிலகல் மாறி ஃபோகஸ் மேலே நகரும். காலையில் முதல் பலகை சுத்தமாக வெட்டி, கால் மணி நேரத்தில் கோடு தடித்து, சற்று நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிறது என்றால் நோய் இதுதான். லென்ஸ் அழுக்காக இருக்கலாம், அல்லது பூச்சு போயிருக்கலாம். வெட்டி நிறுத்தியதும் லேசரை அணைத்துவிட்டு லென்ஸ் ட்யூபின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் சுட்டால் திறந்து பார்க்க வேண்டும். கற்றை நடுவில் விழாமல் நாஸிலில் உரசினாலும் இப்படிச் சுடும், ஆகவே அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

லென்ஸைக் குறை சொல்லுமுன் கற்றையைப் பாருங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, தலைக்குக் கீழே 15 மி.மீ. தடிமன் அக்ரிலிக் துண்டை வைத்து, மூடியை மூடி, புகைப்போக்கியை ஓடவிட்டு ஓரிரு விநாடி சுடுங்கள். குழி வழவழப்பாக, நடுவில் ஒரே கூம்பாக இறங்கினால் கற்றை நன்றாக இருக்கிறது. நடுவில் மேடும் சுற்றிலும் வளையமுமாக வந்தால் ட்யூபோ அதன் கண்ணாடிகளோ கெட்டிருக்கின்றன, அல்லது ட்யூபைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகிவிட்டது. அப்படிப்பட்ட கற்றையை எந்த லென்ஸாலும் 0.10-க்குக் கொண்டுவர முடியாது. சித்திரை வெயிலில் காரைக்குடியில் அறைச் சூடு 38 டிகிரி என்றால், விசிறி மட்டும் உள்ள சிடபிள்யூ-3000 சில்லர் தண்ணீரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. கம்ப்ரஸர் உள்ள சிடபிள்யூ-5200 தேவை.

அடுத்து கற்றையின் விட்டம். தலையின் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறைந்த பவரில் ஒரு துடிப்பு கொடுங்கள். கருகிய வட்டத்தை அளந்து பாருங்கள். துல்லியமான அளவு கிடைக்காது, ஆனால் 5-ஆ 9-ஆ என்று தெரிந்துவிடும். பெட்டின் நான்கு மூலைகளிலும் செய்தால் வட்டம் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதும் தெரியும். மூலைக்கு மூலை நகர்ந்தால் மிரர்களைத் திருத்தியாக வேண்டும். நடுவை விட்டு விலகி லென்ஸில் விழும் கற்றை சாய்வாக வெட்டும். பூ வடிவத்தின் ஒரு பக்கம் இறுக, மறுபக்கம் தளரும். கற்றை தூரம் போகப் போக விரியும் என்பதால் நுண்வேலையை எப்போதும் பெட்டில் ஒரே இடத்தில் வைத்து, அங்கேயே ஃபோகஸையும் பார்த்துக்கொள்வது நல்லது.

லென்ஸ் வந்ததும் சரிவுச் சோதனை. 200 மி.மீ. நீள எம்டிஎஃப் துண்டின் ஒரு முனைக்கு 10 மி.மீ. முட்டுக் கொடுங்கள். 10 மி.மீ. நீளத்துக்கு 0.5 மி.மீ. உயரம் கிடைக்கும். குறைந்த பவரில், வேகமாக, நீளவாக்கில் ஒரு கோடு. எங்கே மிக மெலிந்தது என்று நேராகத் தேடினால் கண் ஏமாறும். இருபுறமும் ஒரே அளவு தடித்த இரண்டு இடங்களைக் குறித்து, நடுப்புள்ளியை எடுங்கள். அந்த இடத்தில் நாஸிலுக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதே உயரத்துக்கு அக்ரிலிக்கில் ஒரு கட்டை வெட்டி, எந்த லென்ஸுக்கு என்று அதன்மேல் பொறித்து வையுங்கள். மெஷினோடு வந்த கட்டை பழைய லென்ஸுக்கு உரியது.

சிவப்பு டையோடையோ வெயிலையோ குவித்துக் குவியத்தூரம் பார்க்க வேண்டாம். ஜிங்க் செலினைடின் ஒளிவிலகல் எண் 10.6 மைக்ரானில் 2.40; சிவப்பில் 2.6-ஐ ஒட்டியது. 50.8 லென்ஸ் சிவப்பொளியை 45 மி.மீ. தூரத்திலேயே குவித்துவிடும். லென்ஸ் மாறிவந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

கடைசியாக வெட்டின் அகலம். 3 மி.மீ. பலகையில் ஒன்றையொன்று ஒட்டி 10 பட்டைகள் வரும்படி 11 கோடுகள் வெட்டுங்கள். பட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, மிஞ்சும் இடைவெளியை வெர்னியரில் அளந்து 11-ஆல் வகுங்கள். 1.65 மி.மீ. வந்தால் ஒரு வெட்டு 0.15. வரைபடத்தில் ஈடுகட்ட வேண்டியது இந்த எண்.

மாட்டுவதும் துடைப்பதும்

லென்ஸை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், ரப்பர் உறை போட்டு. ஓ-ரிங்கோடு சேர்த்து வளையத்தை விரலால் இறுகும் வரை திருப்பினால் போதும். ஜிங்க் செலினைடு மிருதுவான பொருள். சூட்டில் விரிய இடமில்லாமல் இறுக்கினால் விரிசல் விடும்.

துடைக்குமுன் கை பம்பால் ஊதித் தூசியை விரட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் எண்ணெயும் நீரும் இருக்கும். லென்ஸ் தாளில் சுத்தமான அசிட்டோன் அல்லது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, லென்ஸின்மேல் விரித்து, அழுத்தாமல் ஒரே இழுப்பில் இழுங்கள். ஒரு தாள் ஒரு இழுப்புக்குத்தான். வட்டமாகத் தேய்ப்பது பூச்சை அரைக்கும். எம்டிஎஃப் ஓடிய நாளில் மாலையில் துடையுங்கள். அக்ரிலிக், காகிதம் என்றால் பார்த்து, அழுக்கு இருந்தால் மட்டும். தேவையில்லாமல் துடைப்பதும் பூச்சைத் தேய்க்கும்.

லென்ஸைக் காப்பது துணியைவிட ஏர் அசிஸ்ட்தான், அதாவது நாஸில் வழியே ஊதும் காற்று. வெட்டும்போதும் பொறிக்கும்போதும் காற்று நிற்கக் கூடாது. பொறிப்பில் மெலிதாக, வெட்டில் பலமாக. கம்ப்ரஸரிலிருந்து காற்று எடுத்தால் நீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள்.

சன்போர்டும் பெரும்பாலான ரெக்சினும் பிவிசி. லேசர் பட்டால் குளோரின் கலந்த அமிலப் புகை வரும். அது ஆட்களின் நுரையீரலைக் கெடுக்கும், லென்ஸ் பூச்சையும் மிரர்களையும் ரெயிலையும் அரிக்கும். ஃபிளெக்ஸ் கடைகளிலிருந்து இந்த வேலை அடிக்கடி வரும். அக்ரிலிக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் வார்க்கும் உலோக அச்சை வெட்டித் தரக் கேட்டாலும் இந்த மெஷினால் ஆகாது. அதற்கு ஃபைபர் லேசர் வேண்டும், அதன் லென்ஸ்களே வேறு.

லென்ஸ் உடைந்தாலோ எரிந்தாலோ தூளையும் புகையையும் சுவாசிக்கக் கூடாது. செலினியச் சேர்மம் நஞ்சு. கேலியம் ஆர்செனைடு என்றால் ஆர்செனிக். அறையைக் காற்றோட்டமாக்கி, உறை போட்டு, ஈரத் துணியால் துண்டுகளை எடுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்துப் பெயர் எழுதுங்கள். அமிலம் எதுவும் அதன்மேல் படக் கூடாது. வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் அபாயக் கழிவாகக் கொடுங்கள்.

ஆர்டர் போடும்போது பழைய லென்ஸைக் கழற்றி விட்டத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். 12, 18, 19.05, 20, 25 மி.மீ. என்று பல உண்டு, 19.05-ம் 20-ம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மாட்டினால் ஒன்று ஆடும், மற்றொன்று நுழையாது. விளிம்புத் தடிமன், குவியத்தூரம், சிவிடி ஜிங்க் செலினைடு, 10.6 மைக்ரானுக்கு இரு பக்கப் பூச்சு ஆகிய நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.